ஏஎஃப்எல் மிட்-சீசன் டிராஃப்ட்: பருவத்தின் நடுவே ஆள் தேடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் முதன்மை லீக்கான ஏஎஃப்எல்லில் மே மாதம் பிறந்தாலே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: இந்த முறை மிட்-சீசன் டிராஃப்டில் யார் வருவார்கள்? நவம்பரில் நடக்கும் பெரிய டிராஃப்டைவிட இதைத்தான் நான் ஆர்வமாக எதிர்பார்ப்பேன். அங்கே பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பையன்கள். பெயர்கள் ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். இங்கே வருபவர்களோ ஒருமுறையாவது வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களில் யாரை நம்பலாம் என்று கணிப்பது தனிக் கலை. ஃபூட்டியை (இந்தக் கால்பந்தின் செல்லப்பெயர்) புதிதாகப் பின்தொடரத் தொடங்கிய தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. இங்கே பணத்தை வைத்து யாரும் போட்டி போடுவதில்லை. புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருக்கும் அணி முதலில் ஒரு பெயரைச் சொல்லும், அடுத்து அதற்கு மேலே உள்ள அணி சொல்லும், இப்படியே மேலே போகும். ஆட்டக்காரர் எந்த ஊருக்குப் போக விரும்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பெர்த்தில் பிறந்து வளர்ந்தவர் மறுநாளே மெல்போர்னுக்குப் பெட்டி கட்ட வேண்டி வரலாம்.

பருவத்தின் நடுவே எதற்கு இன்னொரு டிராஃப்ட்?

ஒரு ஏஎஃப்எல் அணியின் பட்டியலில் நாற்பது சொச்சம் பேர் இருப்பார்கள். மார்ச்சில் பருவம் தொடங்கி மே முடிவதற்குள் யாராவது ஒருவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருக்கும், இன்னொருவர் ஓய்வு அறிவித்திருப்பார். அப்படி ஒருவரை நீண்டகாலக் காயப் பட்டியலுக்கு மாற்றினால் ஓர் இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் இந்த வழி. 1990 முதல் 1993 வரை ஒரு மிட்-சீசன் டிராஃப்ட் இருந்தது, பிறகு கைவிட்டார்கள். 2019இல் ரூக்கி (புதுமுக) டிராஃப்ட் வடிவத்தில் திரும்ப வந்தது. 2020இல் கோவிட் காரணமாக நடக்கவில்லை.

காலியிடம் இல்லாத அணி வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இடம் இருந்தும் பிடித்த ஆள் இல்லையென்றால் "பாஸ்" சொல்லிவிடலாம்.

யாரெல்லாம் பெயர் கொடுக்கலாம்?

முந்தைய ஆண்டின் டிராஃப்டுக்குத் தகுதி இருந்தும் யாரும் எடுக்காதவர்கள் கொடுக்கலாம். முன்பு ஏஎஃப்எல் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டவர்களும் கொடுக்கலாம். இந்த ஆண்டு நவம்பர் டிராஃப்டுக்கு உரிய பள்ளி மாணவர்களுக்கு இதில் இடமில்லை. எனவே பத்தொன்பது வயதுப் பையனும் இருபத்தேழு வயதுக் குடும்பஸ்தரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள்.

எல்லா அணிகளும் ஒதுக்கிய ஆளிடம் என்னதான் தேடுவது?

நான் முதலில் கேட்பது இதைத்தான்: போன நவம்பரில் வேண்டாம் என்றார்களே, அதற்குப் பிறகு இவரிடம் என்ன மாறியிருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பெயரை மேலே கொண்டுபோவேன். சில பதில்கள் உடம்பிலேயே தெரியும். பதினேழு வயதில் ஒல்லியாக இருந்தவர் இரண்டே ஆண்டில் உயர்ந்து, தோள் அகன்று நிற்பார். சிலர் டிராஃப்ட் ஆண்டு முழுவதும் காயத்தில் கிடந்திருப்பார்கள். ஸ்கௌட்டுகள் (அணிகளுக்காக ஆள் தேடுபவர்கள்) பார்க்க ஆட்டமே இருந்திருக்காது. சிலர் இடம் மாறியிருப்பார்கள்: முன்களத்தில் சோபிக்காதவரைப் பின்களத்துக்கு அனுப்பியதும் ஆட்டத்தையே வேறு கோணத்தில் வாசிக்கத் தொடங்குவார்.

சில நேரம் மாறியது ஆட்டக்காரராகவே இருக்காது. 2020இல் விக்டோரியாவின் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் லீக் முழுவதும் ரத்தானது. அந்த வயதில் ஒரு பருவம் போனால் எத்தனையோ பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். 2021 மிட்-சீசன் டிராஃப்டைத் திரும்பிப் பார்த்தால் ஜெய் நியூகம், சாம் டர்ஹம், கூப்பர் ஷார்மன், டேனியல் டர்னர் என்று வரிசையாகப் பெயர்கள் நிற்கின்றன. அந்த ஆண்டின் விளைச்சலுக்கு 2020இன் வெறுமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எதுவும் மாறவில்லை, மாநில லீக்கில் வயதும் அனுபவமும் கூடியதால் நன்றாக ஆடுகிறார் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறதா? அப்படிப்பட்டவர் அந்த மட்டத்தில் அருமையான ஆட்டக்காரராக இருக்கலாம். மேலே போனால் திணறுவார்.

எந்தெந்த லீக்குகளைப் பார்க்க வேண்டும்?

விக்டோரியாவில் விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவில் சான்ஃபிள், மேற்கில் வாஃபிள். இவற்றோடு பதின்ம வயதினருக்கான டேலன்ட் லீக். அதில் பத்தொன்பதாம் வயதில் மறுபடி ஆடுபவர்களும் உண்டு.

மூன்று மாநில லீக்குகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. விஎஃப்எல்லில் பல ஆட்டங்களில் இரு பக்கமும் ஏஎஃப்எல் ஒப்பந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அங்கே பகுதிநேர ஆட்டக்காரர் ஒருவர் அவர்களுக்கு நடுவே தாக்குப்பிடித்தால் அதுவே பெரிய சான்று. சான்ஃபிளில் 2016 முதல் ஒரு விதி இருக்கிறது: உதைத்தோ ஹேண்ட்பால் செய்தோ (முஷ்டியால் குத்தி அனுப்பியோ) யாருடைய பந்து கடைசியாகக் கோட்டைத் தாண்டிப் போனதோ, அவருடைய எதிரணிக்கு ஃப்ரீ கிக். அதனால் ஓரக்கோட்டில் பந்து சிக்கி ஆட்டம் நிற்பது குறைவு. ஓட்டம் அதிகம், ஓடுபவர்களுக்கு எண்களும் அதிகம். வாஃபிள் மைதானங்களில் வறண்ட வானிலை நீடிக்கும் மாதங்களில் பந்து கையில் நன்றாக ஒட்டும். மே மாத மெல்போர்ன் ஈரத்தில் அதே ஆள் எப்படிப் பிடிப்பார் என்பதை நாமாகத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் புள்ளிவிவரங்களை நம்பக் கூடாதா?

நம்பலாம், ஆனால் எந்த எண் என்று பார்த்து நம்ப வேண்டும். "முப்பது டிஸ்போசல் எடுத்தார்", அதாவது முப்பது முறை உதைத்தோ ஹேண்ட்பால் செய்தோ பந்தை அனுப்பினார் என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும். அந்த முப்பதில் எத்தனை பின்களத்தில் யாரும் தொந்தரவு செய்யாமல் வாங்கிக் கொடுத்தவை? எத்தனை எதிராளி மேலே விழுந்துகொண்டிருக்கும்போது பிடுங்கி எடுத்தவை? இரண்டாவது வகையைத்தான் மேல்மட்டத்துக்கு எடுத்துப்போக முடியும். டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து மடக்குவது) எண்ணிக்கை, எதிரணி உதையை இடைமறித்துத் தரையில் விழாமல் பிடித்த மார்க், நெருக்கடியில் வென்ற பந்து ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பேன். கோல் எண்ணிக்கையில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பலவீனமான அணிக்கு எதிராக ஒரே மாலையில் ஏழு கோல் அடித்தவரைவிட, வாராவாரம் இரண்டிரண்டாக அடித்து வருபவரை நான் நம்புவேன்.

மைதானத்தில் போய் உட்கார்ந்தால் எதைக் கவனிப்பது?

பந்தைப் பார்க்காதீர்கள். ஆட்டத்தின் முதல் கால்பகுதி முழுவதும் ஒரே ஆளைப் பாருங்கள். தொலைக்காட்சியில் இது முடியாது. கேமரா பந்தோடு போய்விடும்.

வில்லியம்ஸ்டவுன் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரம். காற்று ஒரு கோல்கம்பத்திலிருந்து மறு கோல்கம்பத்துக்கு அடித்தால் ஒரு பக்கம் உதைத்த பந்து எங்கேயோ போகும், மறுபக்கம் உதைத்தது அந்தரத்தில் நின்று தலைமேலேயே இறங்கும். காற்றோடு ஆடும் கால்பகுதியில் எல்லோரும் நட்சத்திரங்கள்தான். எதிர்க்காற்றில் ஆடும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர்) என்ன செய்கிறார் என்று பாருங்கள். பந்து தன் அணியின் தற்காப்புப் பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அகலமாக நின்று கையைத் தூக்கிப் பந்து கேட்கிறாரா, அல்லது உள்ளே ஓடிவந்து இன்னொரு எதிராளியைத் தடுக்கிறாரா? பந்து வெளியே வந்ததும் எழுபது எண்பது மீட்டர் ஓடி அடுத்துப் பந்தை வாங்கும் ஆளாக நிற்கிறாரா? ஓடியும் பந்து தன்னிடம் வராதபோது என்ன செய்கிறார்? நடந்து திரும்புகிறாரா, ஓடித் திரும்புகிறாரா? இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்பவும் மதிப்பேன். பந்து வராத ஓட்டத்துக்குப் பிறகும் ஓடித் திரும்புகிறவருக்கு யாரும் கைதட்டுவதில்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறுவதில்லை. ஆனால் ஏஎஃப்எல் பயிற்சியாளர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் உழைப்பு அதுதான்.

அடுத்து கைகள். பந்து தரையில் உருள்கிறது, இரண்டு பேர் குனிகிறார்கள். ஒரே பிடியில் எடுக்கிறாரா, இரண்டு முறை தட்டித் தடுமாறி எடுக்கிறாரா? மாநில லீக்கில் இரண்டாம் தட்டுக்கு நேரம் கிடைக்கும். மேலே கிடைக்காது, அதற்குள் டேக்கிள் வந்துவிடும். எடுத்த பந்தை எவ்வளவு சீக்கிரம் விடுகிறார், எந்தக் காலால் உதைக்கிறார், பலவீனமான காலைப் பயன்படுத்தத் தயங்கி ஒரு வட்டம் சுற்றுகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு செய்த பின் வரும் சில வினாடிகளும் முக்கியம். உதைத்த பந்து நேராக எதிராளி கையில் போய் விழுந்தால் சிலர் தலையில் கை வைத்து நிற்பார்கள். சிலர் அந்த எதிராளியையே துரத்திப் போவார்கள்.

மார்லியன் பிக்கெட் கதையை எல்லோரும் சொல்கிறார்களே, அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், பெரிய விஷயம்தான். 2019 மிட்-சீசன் டிராஃப்ட் நடந்தபோது அவர் வாஃபிளில் தெற்கு ஃப்ரீமேன்டில் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். வயது 27. இளமையில் சிறை சென்று வந்தவர். நான்கு பிள்ளைகளின் தகப்பன். போதாததற்கு அந்தச் சமயத்தில் விரல் முறிவு வேறு. உடனே களமிறங்க முடியாத ஆளை எடுக்க எத்தனை அணிகளுக்குத் துணிவு வரும்? ரிச்மண்ட் எடுத்தது.

விரல் ஆறியதும் அவர் விஎஃப்எல்லில் ஆடினார். அந்த லீக்கின் இறுதியாட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதும் வாங்கினார். அடுத்த வாரம், 2019 செப்டம்பர் 28 அன்று, எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு எதிரான ஏஎஃப்எல் இறுதியாட்டத்தில் தன் முதல் ஆட்டத்தை ஆடினார். இறுதியாட்டத்தில் அறிமுகமாவது 1952க்குப் பிறகு அதுவே முதல் முறை. நெருக்கடியில் பந்தை வாங்கி, எதிராளியின் கண்ணில் படாத பக்கமாக ஒரு சுழல் சுழன்று வெளியே வந்தாரே, அந்தக் காட்சியை ஃபூட்டி ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். 22 டிஸ்போசல், ஒரு கோல். அந்தக் கோலுக்கு அணியே ஓடிவந்து அவர்மேல் விழுந்தது. ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

இதிலிருந்து ஸ்கௌட்டிங் பற்றித் தெரிவது என்ன? ரிச்மண்ட் அவருடைய வயதையும் விரலையும் தாண்டி, நெருக்கடியில் அவருடைய கைகளும் நிதானமும் எப்படி இருந்தன என்று பார்த்தது. விரல் சில வாரத்தில் கூடிவிடும். அந்த நிதானத்தை யாராலும் பயிற்சியில் ஊட்ட முடியாது.

நியூகம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்?

ஜெய் நியூகம் விக்டோரியாவின் கிப்ஸ்லாண்ட் பகுதியில் பூவோங் என்ற சிற்றூர்க்காரர். டிராஃப்ட் வயதில் யாரும் எடுக்கவில்லை. பிறகு பாக்ஸ் ஹில் ஹாக்ஸ் அணிக்காக விஎஃப்எல்லில் ஆடினார். பாக்ஸ் ஹில், ஹாதோர்ன் அணியோடு இணைந்த அணி. ஆகவே ஹாதோர்ன் பயிற்சியாளர்கள் அவரை வாரக் கடைசியில் மட்டுமல்லாமல் பயிற்சியிலும் அருகிலிருந்தே பார்த்தார்கள். 2021இல் இரண்டாம் தேர்வாக எடுத்தார்கள். அதே மாதம் சிட்னிக்கு எதிராக அறிமுகமாகி 14 டேக்கிள் போட்டார். அறிமுக ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு போட்டதில்லை. இன்று ஹாதோர்னின் நடுக்களம் அவரைச் சுற்றித்தான் நிற்கிறது.

இணைந்த அணியில் ஆடினால் அந்த ஏஎஃப்எல் அணிக்கே முன்னுரிமையா?

கிடையாது. சாம் டர்ஹம் ரிச்மண்டின் விஎஃப்எல் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்; 2021இல் எசன்டன் எடுத்தது. 2025இல் வெஸ்ட் கோஸ்ட் முதல் தேர்வாக எடுத்த டாம் மெக்கார்த்தியும் அதே ரிச்மண்ட் விஎஃப்எல் அணியிலிருந்து போனவர்தான். உங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தாலும் வரிசையில் முன்னால் நிற்பவர் பறித்துக்கொண்டு போகலாம்.

முதல் தேர்வு என்றால் அவர்தான் மிகச் சிறந்தவர் என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. 2019இல் கோல்ட் கோஸ்ட் எடுத்த மிட்ச் ரியோர்டன், 2021இல் வட மெல்போர்ன் எடுத்த ஜேக்கப் எட்வர்ட்ஸ் இருவருமே முதல் தேர்வுகள். இருவரும் அந்த அணிகளில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. பிக்கெட்டும் காலிங்வுட் எடுத்த ஜான் நோபிளும் அந்த வரிசையில் வெகு பின்னால் வந்தவர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசி இடத்தில் இருக்கும் அணி வருங்காலத்தை நினைத்து இளைஞரை எடுக்கும். மேலே இருக்கும் அணி இந்த செப்டம்பரிலேயே ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஆள் தேடும். வேலை என்னவென்று தெளிவாகத் தெரிந்தால் ஆள் எடுப்பதும் தெளிவாகும்.

ஆகவே பெயர்களை மட்டும் தரவரிசைப்படுத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அணியின் ஓட்டையை முதலில் எழுதுங்கள், பிறகு அதற்குப் பொருந்தும் பெயரைத் தேடுங்கள்.

உயரமானவர்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

நடுவர் மேலே எறியும் பந்துக்குத் தாவும் ரக் இடத்துக்குத் தயாரான ஆட்கள் எல்லா அணியிலும் இரண்டு மூன்று பேர்தான். இரண்டு பேருக்குக் காயம் என்றால் விஎஃப்எல் அணியில் நிற்கக்கூட ஆளிருக்காது. இரண்டு மீட்டர் உயரம் உள்ளவரை அவசரத்துக்கு வேறெங்கும் வாங்க முடியாது. ஆனால் உயரமானவர்கள் முதிர நாளாகும், ஆறு மாதத்தில் பலன் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

உடற்தகுதித் தேர்வுகள் எவ்வளவு முக்கியம்?

இரண்டு கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்குள் ஓடினால் மிக நல்ல நேரம். இருபது மீட்டரை 2.9 வினாடிக்குள் கடந்தால் உண்மையான வேகக்காரர். தெரிந்துகொள்வது நல்லது. ஆனாலும் பருவத்தின் நடுவே எடுக்கும் ஆளுக்குத் தயாரிப்புக் காலமே கிடையாது. பகலெல்லாம் தச்சு வேலையோ குழாய் வேலையோ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர், திடீரென்று முழுநேரப் பயிற்சிக்கு மாறுவார். அந்தச் சுமை கூடும்போது பின்தொடைத் தசை தாங்குமா என்பதை மருத்துவ வரலாறு சொல்லும். ஓட்ட நேரத்தைவிட அதைத்தான் அணிகள் துருவிப் பார்க்கின்றன.

ஒப்பந்தம் எவ்வளவு காலம்?

பெயர் கொடுக்கும்போதே ஆட்டக்காரர் சொல்லிவிடலாம்: பருவம் முடியும்வரை ஆறு மாதம் போதும், அல்லது அடுத்த ஆண்டும் சேர்த்துப் பதினெட்டு மாதம் வேண்டும். ஊரில் நிரந்தர வேலையும் குடும்பமும் இருப்பவர் ஆறு மாதத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர யோசிப்பார், அது நியாயம். ஆனால் பதினெட்டு மாதம் கேட்டால் சில அணிகள் பின்வாங்கும்.

மாநில அணிகள் புகார் சொல்கின்றனவே?

சொல்லத்தான் செய்யும், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 2019இல் சான்ஃபிளின் வெஸ்ட் அடிலெய்டு அணி நோபிளையும் வில் ஸ்னெல்லிங்கையும் ஒரே இரவில் இழந்தது. பருவத்தின் பாதியில் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் போனால் அந்த இடத்தை யாரை வைத்து நிரப்புவது? தன்னார்வலர்கள் ஓடியாடி நடத்தும் அணிகள் இவை. ஒரு பையனை வளர்த்து ஏஎஃப்எல்லுக்கு அனுப்புவதில் அவர்களுக்குப் பெருமை இருக்கிறது. அந்தப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு இறுதிச்சுற்றுக்குப் போக முடியாது. இந்த அணிகளுக்குத் தரும் ஈட்டுத்தொகை இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவர்கள் தளர்ந்தால் பிக்கெட்டையும் நோபிளையும் அடுத்து எங்கே போய்த் தேடுவது?

ஆஸ்திரேலியாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் வழி உண்டா?

உண்டு. பழங்குடிப் பிள்ளைகளுக்காகவும், பெற்றோரில் ஒருவராவது ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பிள்ளைகளுக்காகவும் ஏஎஃப்எல் அணிகள் அடுத்த தலைமுறை அகாடமிகள் நடத்துகின்றன. அங்கே கேட்டுப் பாருங்கள். பதினெட்டு வயதில் எடுக்கப்படாவிட்டாலும் உள்ளூர் அணியை விட வேண்டாம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். இந்த டிராஃப்ட் அப்படி விடாமல் ஆடியவர்களுக்கானது.

நானும் பார்த்துப் பழக வேண்டும், எங்கே தொடங்கலாம்?

மெல்போர்னில் இருந்தால் டேலன்ட் லீக் ஆட்டங்களுக்குப் போங்கள். தமிழர்கள் நிறைய வசிக்கும் டாண்டினாங்கில் ஷெப்ளி ஓவல் மைதானம்தான் ஸ்டிங்ரேஸ் அணியின் வீடு. விஎஃப்எல் மைதானங்களில் முதல், மூன்றாம் கால்பகுதி முடிந்த இடைவேளைகளின்போது ஆடுகளத்துக்குள்ளேயே போய்ப் பயிற்சியாளர் பேசுவதை அருகில் நின்று கேட்கலாம். கேளுங்கள். நீங்கள் குறித்துவைத்த ஆள் அந்த வட்டத்தில் எங்கே நிற்கிறார், பயிற்சியாளரைப் பார்க்கிறாரா, பக்கத்திலிருக்கும் இளையவரிடம் ஏதாவது சொல்லிக்கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். மார்ச் கடைசியில் ஆறேழு பெயர்களோடு தொடங்குங்கள், மே மாதத்துக்குள் ஒவ்வொருவரையும் குறைந்தது ஒருமுறையாவது மழையில் பாருங்கள்.